கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

போன வாரம் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துக் கேன்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: "பொண்ணை ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேக்கலாம்னு இருக்கோம். உங்க பாப்பா போன இடத்துல கோச் எப்படி, நல்லவங்களா?"

"நல்லவங்கதான், தைரியமா சேருங்க" என்று முடித்திருக்கலாம். தட்ட ஆரம்பித்து, அழித்து, மறுபடி தட்டி, கடைசியில் "விவரமா எழுதுறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏழு வருஷம் அந்த ஜிம்முக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். கோச் எப்படி என்று சொல்வதென்றால் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுதான் கொஞ்சம் சங்கடம்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் எவ்வளவு புகழோ அவ்வளவு புகழ் ஹாக்கிக்கும் உண்டு. காலை ஐந்தரைக்கே பையன்கள் மட்டையோடு மைதானத்தில் நிற்பார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் நானும் நின்றேன். என்னைச் சேர்த்துவிட வந்த அன்று என் அப்பா மாஸ்டரிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்." மாஸ்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் இதைச் சொல்லாத அப்பாவே கிடையாது. பள்ளிக்கூடம், ட்யூஷன், ஹாக்கி எல்லாவற்றுக்கும் இதே வாக்கியம்தான். சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போனவர் அப்புறம் மைதானத்துப் பக்கம் வரவே இல்லை. மற்ற அப்பாக்களும் வந்ததில்லை. முழங்காலில் அடிபட்டு வீட்டுக்குப் போனால், "மாஸ்டர் சொன்னதைக் கேக்காம ஓடியிருப்பே" என்று அங்கேயும் ஒன்று விழும்.

இந்த மனசோடுதான் 2016இல் மிச்சிகனில் மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் வால்ட் (ஓடிவந்து மேஜைமேல் கையூன்றித் தாண்டுவது) இறுதிச்சுற்று. திரிபுராவிலிருந்து வந்த தீபா கர்மாகர் ப்ரொடுனோவா என்ற ஆபத்தான வால்ட்டைச் செய்து இறங்கியபோது சோபாவிலிருந்து நான் எழுந்தே விட்டேன். 15.066. வெண்கலத்துக்கு 0.15 குறைவு, நான்காவது இடம். மகளுக்கு தீபாவும் தெரியாது, திரிபுராவும் தெரியாது. தங்கம் வாங்கிய சிமோன் பைல்ஸை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சோபாவின் கைப்பிடிமேல் நடந்து கீழே விழுந்தாள். செப்டம்பரில் வாரம் ஒரு மணி நேர வகுப்பில் சேர்த்தாகிவிட்டது.

அடுத்த ஏப்ரலில், "இவளிடம் திறமை தெரிகிறது, அணிக்கு முந்தைய குழுவில் போடலாமா" என்று ஜிம்மிலிருந்து கேட்டார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று தந்தார்கள். பயிற்சியின்போது கோச்சிடம் பேசக் கூடாது. பார்வையாளர் மாடத்தில் மாதத்தின் முதல் வாரம் மட்டும் உட்காரலாம். போட்டியைப் பற்றி ஏதாவது குறை சொல்ல வேண்டுமானால் 24 மணி நேரம் கழித்து மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அமெரிக்க அப்பா வரிக்கு வரி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். என் அப்பா சொன்னதைத்தானே இவர்கள் ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

அதற்குப் பிறகு வந்தது 2018 ஜனவரி.

எங்கள் வீட்டிலிருந்து ஐ-96 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம் போனால் மிச்சிகனின் தலைநகர் லான்சிங். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவராக இருந்த லாரி நாஸருக்குத் தண்டனை சொல்வதற்கு முன், அவனுடைய பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பேசுவதற்கு அங்கே நீதிமன்றம் இடம் கொடுத்தது. ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. 156 பேருடைய வாக்குமூலம். ஆபீஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். காரில் கேட்டேன். ஒருநாள் ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகும் இறங்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். 24ஆம் தேதி 40 முதல் 175 ஆண்டு வரை என்று தண்டனை வந்தது.

பத்திரிகைகள் அவனைப் பற்றி எழுதின. என் காதில் நின்றவர்கள் பெற்றோர்கள். முதலில் பேசிய பெண் பன்னிரண்டு வயதிலேயே வீட்டில் சொல்லியிருக்கிறாள். பெற்றோர் அந்த மருத்துவரிடமே கேட்டார்கள், அவன் இல்லை என்றான், அவர்கள் அவனை நம்பினார்கள். வேறு சில அம்மாக்கள், சிகிச்சை என்ற பெயரில் அது நடந்தபோது அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நடுவில் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். டெக்சஸில் தேசிய அணிக்கான பயிற்சி முகாம் நடந்த கரோலி பண்ணைக்குள் பெற்றோருக்கு அனுமதியே இருந்ததில்லை. பெரியவர்கள் எல்லாரும் அவரவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மதித்து ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். கண்ணை மட்டும் விட்டுவிடச் சொன்னவருடைய மகன் நான். அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

எங்கள் ஜிம்மில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஃப்ளோர் பயிற்சி செய்யும் நீலக் கம்பளத்தின்மேல் மடக்கு நாற்காலிகள். எல்லாரும் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு உட்கார்ந்திருந்தோம். உரிமையாளர் அம்மாள் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் பேசினார். இனிமேல் மாடம் எல்லா நாளும் திறந்திருக்கும். எந்த கோச்சும் பிள்ளைக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்ப மாட்டார். அனுப்பினால் பெற்றோரும் அதில் இருப்பார்கள். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது. யாராவது பார்க்கிற மாதிரியும், வேண்டுமென்றால் குறுக்கே போகிற மாதிரியும் இருக்க வேண்டும். பின்னால் சேஃப்ஸ்போர்ட் என்ற, விளையாட்டில் பிள்ளைகளைப் பாதுகாப்பதற்கான விதிகளாக நாடு முழுவதும் வந்தவையும் ஏறக்குறைய இவைதான்.

ரியோ சமயத்தில் வந்த ஒரு செய்தியும் அப்போது நினைவுக்கு வந்தது. தீபாவின் பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி, இறுதிச்சுற்றுக்கு முன் கவனம் சிதறக் கூடாதென்று அவருடைய போனிலிருந்து சிம்மை எடுத்துவிட்டார். பெற்றோரிடம் மட்டும் பேச விட்டார். 2016இல் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, குரு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேருக்கு ஃபார்வர்டு வேறு செய்தேன். 2018இல் யோசித்தபோது பார்வை அந்த 'பெற்றோரிடம் மட்டும்' என்ற இடத்தில் போய் நின்றது. மற்ற எல்லாக் கதவையும் மூடியவர் அந்த ஒன்றை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்.

சரி, இங்கே நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. நான் போனது அந்தக் கோடிக்கு.

மாடம் திறந்ததும் போய் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பெரிய கண்ணாடிச் சுவர், இந்தப் பக்கம் மூன்று வரிசை நாற்காலி. அந்தப் பக்கம் நடப்பது எல்லாம் தெரியும், ஒரு சத்தம் கேட்காது. அங்கே உட்காருகிற பெற்றோர் ஒரு தனி ஜாதி. யாருக்குத் தனி வகுப்பு ஓடுகிறது, யாரை அடுத்த லெவலுக்கு ஏற்றப் போகிறார்கள், யார் கோச்சுக்குச் செல்லம், எல்லாம் அங்கே அலசப்படும். மேலே ஏற்றவில்லை என்று ஒரு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்து மைல் தள்ளி இருக்கும் வேறு ஜிம்முக்கு மாறியது. மறுநாள் மாடத்தில் துக்க வீடு மாதிரி குசுகுசுப்பு. என் மனைவி ஒரு தடவை வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "அரங்கேற்றத்துக்குப் போனா பின் வரிசையில இப்படித்தான் பேசிட்டிருப்பாங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவள் எட்டு வயதிலிருந்து மதுரையில் பரதநாட்டியம் கற்றவள்.

நான் பேச்சில் சேரவில்லை. வீடியோ எடுத்தேன். ஆட்டோ கம்பெனி எஞ்சினியர் புத்தி. வீட்டுக்கு வந்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். 2018-19இல் மகள் லெவல் 3. லெவல் 5 வரைக்கும் நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் ஒரே அசைவுகளைச் செய்ய வேண்டும். பத்திலிருந்து ஆரம்பித்து, தப்புக்குத் தப்பு கழித்துக்கொண்டே வருவார்கள். விழுந்தால் 0.5. முழங்கால் மடங்கினால், பாதம் நீளாமல் மடங்கியிருந்தால் 0.1, 0.2 என்று போகும். நடுவர் கடைசியில் ஒரு எண்ணைக் காட்டுவாரே தவிர எங்கே எவ்வளவு போனது என்று பெற்றோருக்குச் சொல்வதில்லை. அந்தக் குறையை நான் நிவர்த்தி செய்தேன். எக்ஸெல்லில் வால்ட், பார்ஸ் (கம்பிகள்), பீம் (ஒடுங்கிய கட்டை), ஃப்ளோர் (தரை) என்று நாலு பத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு பத்தி. ஜிம்மிலிருந்து வீட்டுக்கு 22 நிமிடம். அந்த 22 நிமிடமும் காரணப் பத்தியை வாசிப்பேன். அவள் பின்சீட்டில் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவாள். கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2019 கோடையில் என் அம்மா வந்திருந்தார். ஒருநாள் மாடத்துக்கு அழைத்துப் போனேன். பேத்தி 10 சென்டிமீட்டர் அகலப் பீமில், நாலடி உயரத்தில், கையை ஊன்றித் தலைகீழாகச் சுற்றி நின்றதும் அம்மாவுக்கு மூச்சே நின்றுபோனது. அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "நம்ம ஊர்ல பஜார் முக்குல கழைக்கூத்தாடி வருவானே, அந்தப் புள்ள மாதிரியே இருக்காடா. அவங்கப்பன் கீழ நின்னு மேளம் அடிப்பான், இது கயித்துமேல நடக்கும்." சிரித்துவிட்டு வீடியோவை நிறுத்திவிட்டேனா என்று போனைப் பார்த்தேன். மேளக்காரன் யார் என்று அம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எனக்கு ஏறியிருக்காது.

ஏனென்றால் அப்போது எங்கள் வீட்டில் ஒரே பிரச்சினை கிப். லெவல் 4 பார்ஸ் அதில்தான் ஆரம்பிக்கும். பாரைப் பிடித்து முன்னால் வீசி, கால் விரல்களைப் பாருக்குக் கொண்டுவந்து, பேன்ட் போடுகிற மாதிரி பாரைக் கால்வழியே இடுப்பு வரை இழுத்து, கையை ஊன்றி அப்படியே பாருக்கு மேலே எழும்ப வேண்டும். பார்க்க ஒரு நொடி வேலை. வருவதற்குச் சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். பலத்தைவிட நேரம்தான் முக்கியம். நேரம் பிடிபடாத பிள்ளை கையை மடக்கித் தம் கட்டி ஏறப் பார்க்கும். அணியில் எட்டுப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை.

பழைய சாமான் விற்கிறவரிடம் ஒரு பார் வாங்கி பேஸ்மென்டில் நிறுத்தினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது முயற்சி. அதோடு ஒரு அறிவிப்பும் விட்டேன்: முதல் கிப்புக்கு 20 டாலர். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்போது மாடத்தில் பாதிப் பேர் இதே மாதிரி ஏதாவது ஒன்று அறிவித்திருந்தார்கள். ஒருத்தர் நாய்க்குட்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம் கையை மடக்கி, பல்லைக் கடித்து, எப்படியோ ஏறிவிட்டாள். பணத்தைக் கொடுத்தேன். உள்ளங்கையில் தோல் கிழிந்து ரத்தம். ஜிம்மில் அதற்கு ரிப் என்று பேர், வாங்காத பிள்ளை கிடையாது. முழங்கையும் வலிக்கிறது என்றாள்.

இரண்டு நாளில் கோச்சிடமிருந்து மின்னஞ்சல்: வியாழக்கிழமை பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம் வர முடியுமா? கோச்சைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. முப்பது வயசுக்குக் கொஞ்சம் மேல், கல்லூரி அணியில் ஆடியவர், இதே மிச்சிகன்காரர். பேச்சு குறைவு. கண்ணாடி வழியாகப் பார்த்து அவர் கோபக்காரர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பிள்ளை ஒன்று செய்து முடித்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். வெறுப்பு என்று என் காரணப் பத்தியில் அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது.

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. சாரத்தைத் தமிழில் தருகிறேன். "கிப் வந்துடுச்சுன்னு சொன்னா. 20 டாலர் கதையும் சொன்னா" என்று ஆரம்பித்தார். கையை மடக்கி ஏறுவது உடம்பில் பதிந்துவிட்டது, இதை மறக்கடிக்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை முழங்கைக்கு ஆபத்து, வீட்டுப் பாரை எடுத்துவிடுங்கள் என்றார். நான் விடவில்லை. வீடியோவைக் காட்டி, தோள் பின்தங்குகிறது, அதனால்தான் இடுப்பு வரவில்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். "நீங்க சொல்றது பாதி சரி. ஆனா அவ பார்ல தொங்கும்போது ரெண்டு பேர் குரல் கேக்குது. நான் காலைன்றேன், நீங்க தோளைன்றீங்க. அதுக்குள்ள அந்த நேரம் கடந்து போயிடுது." கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார்: "கார்ல ஏறினதும் முதல்ல என்ன கேப்பீங்க?"

பதில் சொல்ல வரவில்லை. "கிப் வந்துச்சா?" என்பதுதான் பதில்.

ரோஷம் வந்தது. என் பிள்ளைக்கு நான் சொல்லக் கூடாதா, மாசம் 310 டாலர் கட்டுகிறேன் என்று வீட்டில் குதித்தேன். மனைவி, "எங்க டீச்சர் ஆடிட்டு இருக்கும்போது எங்கம்மா ஓரமா நின்னு அபிநயம் பிடிச்சுக் காட்டினா எப்படி இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். பார் கராஜுக்குப் போனது. வீடியோ நின்றது. வாயையும் மூடிக்கொண்டேன். மூடியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பதுதான் அடுத்த கதை.

2020 ஜனவரி, போட்டிக் காலம். மகள் காலையில் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தேன். கேட்டால் கோச்சின் வேலையில் தலையிடுவதாக ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். நிஜமாகவே அப்படித்தான் யோசித்தேன். என் சொந்த வீட்டு மாடிப்படி அது. மூன்று வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அவளைப் படியில் உட்கார வைத்துக் குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தினாள், பிள்ளை கத்திவிட்டாள்.

டாக்டர் பார்த்துவிட்டு செவர்ஸ் என்றார். வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பில் வளர்ச்சி நடக்கிற இடம், ஓட்டத்திலும் குதியிலும் பட்டுப் பட்டு வீங்கிப்போவது. பயப்பட ஒன்றுமில்லை, குதிக்காமல் இருந்தால் ஆறும், வளர்ந்து முடிந்தால் வராது. பயப்பட ஒன்றுமில்லை என்பது அவர் சொன்னது. திரும்பி வரும்போது மகள் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன் பாப்பா கோச்கிட்ட சொல்லல?"

"ஒரு தடவை வால்ட் கோச்கிட்ட சொன்னேன். உதறிட்டுப் போய் ஓடுன்னாங்க. பெரிய கோச்கிட்ட சொன்னா போட்டியில விட மாட்டாங்க."

"சரி, எங்ககிட்ட?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க கோச்கிட்ட சொல்லிடுவீங்க. அப்புறம் அப்பா எக்ஸெல்ல ஸீரோ வருமே."

ஒன்பது வயது. கோச்சிடம் பாதியை மறைத்து, எங்களிடம் மீதியை மறைத்து, நடுவில் நொண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நாங்கள் இரண்டு தரப்பும் அவரவர் எல்லையை ரொம்ப மரியாதையாகக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்று மாலை மின்னஞ்சல் எழுதியவள் மனைவி. நாலே வரி, குற்றச்சாட்டு கிடையாது: டாக்டர் சொன்னது இது, எங்களுக்கும் இப்போதுதான் தெரிந்தது, வால்ட் வகுப்பில் இப்படிச் சொல்லப்பட்டதாகச் சொல்கிறாள், பேசலாமா. ஒரு மணி நேரத்தில் கோச் போன் செய்தார். முதலில் மகளிடம் பேச வேண்டும், நீங்களும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடுங்கள் என்றார். "நீ சொல்லியிருந்தா கோபப்பட்டிருப்பேன்னு நினைச்சியா? அப்படி நினைக்கிற மாதிரி நான் என்ன பண்ணினேன்னு எனக்குச் சொல்றியா?" என்று கேட்டார். எங்கள் ஹாக்கி மாஸ்டரிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் நாங்கள் எல்லாம் மயங்கி விழுந்திருப்போம். வால்ட் கோச் அடுத்த வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். இளைஞன், பாவம், அவனையும் யாரோ உதறிட்டுப் போ என்று சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள்.

பிறகு எங்களிடம் கோச் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "எங்க வலிக்குது, ராத்திரி தூங்கினாளா, ஸ்கூல்ல என்ன பிரச்சினை, இதெல்லாம் எனக்குத் தெரிய வழியே இல்லை. அதை நீங்க சொல்லுங்க, நாலு மணிக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போதும். கை மடங்குதா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன்." அதிலிருந்து அப்படித்தான் ஓடியது. 'நேற்றுத் தூக்கம் இல்லை, கணக்குப் பரீட்சை.' 'குதிகால் இன்று பரவாயில்லை.' பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல்தான் வரும்.

மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் மூடியது. மிச்சிகனில் ஜிம்களைத் திறக்க செப்டம்பர் ஆனது. அந்த ஆறு மாதமும் ஜூமில் வகுப்பு, வாரம் நாலு நாள். பேஸ்மென்டில் லேப்டாப், அதே அறையின் மூலையில் என் ஆபீஸ் மேஜை.

மூன்று வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த கோச், பயிற்சி கொடுக்கும்போது பேசுவதை அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டேன். பிள்ளை ஒன்று செய்து முடிப்பாள். கோச் இடுப்பில் கை வைப்பார், முகத்தைத் திருப்புவார், அதே அசைவு. "ம்ம்ம்… இரு, யோசிக்கிறேன்" என்பார். அவ்வளவுதான் விஷயம். யோசிக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும் என்று பழக்கிக்கொண்டாராம், பின்னால் ஒருநாள் சொன்னார். அப்புறம் திரும்பி, "இப்ப பண்ணினது உனக்கு எப்படி இருந்துச்சு? நீ சொல்லு முதல்ல" என்பார். மகள் சொல்ல ஆரம்பிப்பாள். இடது தோள் லேட், மூச்சை அடக்கிட்டேன், பயமா இருந்துச்சு. 22 நிமிடக் காரில் ஒரு வாழைப்பழத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்த அதே பிள்ளைதான். காரணப் பத்தி முழுவதும் அவளிடமே இருந்திருக்கிறது. ஒருத்தரும் கேட்காததால் சொல்லவில்லை. அந்த எக்ஸெல்லை அன்று ராத்திரி அழித்தேன் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். அழிக்கவில்லை. பழைய லேப்டாப்பில் இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் திறக்கவில்லை.

2021 ஜூலையில் டோக்கியோ. அணி இறுதிச்சுற்றில் சிமோன் பைல்ஸ் ஒரு வால்ட் செய்துவிட்டு, காற்றில் உடம்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று விலகிக்கொண்ட நாள். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே சண்டை. மனதிடம் இல்லை என்று ஒருத்தர், பாவம் என்று ஒருத்தர். பதினோரு வயது மகள் பாலில் போட்ட சீரியலைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் போன மாசம் வந்துச்சு. பீம்ல பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் போக முடியல. இன்னிக்கு வேணாம்னு கோச்கிட்ட சொன்னேன். சரின்னுட்டாங்க. தரையில கோடு போட்டு அதுல பண்ணிட்டிருக்கேன்."

எங்களுக்குத் தெரியவே தெரியாது. முதலில் சுருக்கென்றது. அடுத்த நாள் கோச்சிடம் கேட்டேவிட்டேன், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று. "அது அவ சொல்ல வேண்டிய விஷயம். ஆபத்துன்னு தோணியிருந்தா அன்னிக்கே கூப்பிட்டிருப்பேன்" என்றார். வண்டிக்குத் திரும்பி நடக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது: ஒன்றரை வருஷத்துக்கு முன் குதிகாலை மறைத்த பிள்ளை, பயத்தை ஒரு பெரியவரிடம் தானாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெரியவர் நான் இல்லை. இல்லாவிட்டால் என்ன?

நண்பருக்கு: கோச் நல்லவரா என்று என்னைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை, நான் மூன்று வருஷம் தப்பாகப் பார்த்தவன். முதல் மாதம் போய் உட்காருங்கள். எந்தப் பிள்ளை சாதிக்கிறது என்று பார்க்க வேண்டாம். அழுகிற பிள்ளையிடம் கோச் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மாடம் எந்நேரமும் திறந்திருக்கிறதா, பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் போகுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். உங்கள் போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இது எனக்கு யாரும் சொல்லாதது.

மகள் 2023 மே மாதம் ஜிம்னாஸ்டிக்ஸை விட்டாள். போதும் என்றாள், அழவில்லை. இப்போது பள்ளி டைவிங் அணியில் இருக்கிறாள். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள்.

கடைசி நாள் கோச்சுக்குக் கொடுக்க ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாய் பாக்கெட் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். முதல் வருஷக் கிறிஸ்துமஸுக்கும் இதையேதான் எடுத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் 'நிலக்கடலைக்கு அனுமதி இல்லை' என்று இரண்டு அடி உயரத்துக்குப் பலகை. அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்காக வைத்தது. அசடு வழியத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாக வண்டியிலேயே வைத்துவிட்டு, பயிற்சி முடியும்வரை பார்க்கிங்கில் காத்திருந்தேன். கோச் வெளியே வந்ததும் கொடுத்தேன். ஒன்றைப் பிரித்துக் கடித்தார். எங்கள் ஊர் மிட்டாய், லேசில் உடையாது. வாய்க்குள் இருப்பதைச் சமாளித்துக்கொண்டே, கையை இடுப்பில் வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

"யோசிக்கிறாங்க" என்றாள் மகள்.